ஒரு சாண் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குச் சமையலறை ஜன்னலில் தொலைநோக்கியை வைத்துப் பார்த்தபோது, மழைவாத்து தண்ணீரின் மேலேயே உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தது. அது கூட்டில்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் கூட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நேற்றுவரை இருந்த ஒரு சாண் பாசிக்கரையைக் காணவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பறவை கழுத்தை நீட்டித் தண்ணீருக்குள் அலகை விட்டு ஒரு கொத்துப் பாசியை இழுத்தது. அதைத் தன் நெஞ்சுக்கடியில் செருகிவிட்டு இன்னொரு கொத்துக்கு நீட்டியது. வெள்ளம் வரும் வீட்டில் கட்டிலுக்கடியில் செங்கல் வைப்பார்களே, அதுபோல.

"ஃபின்லே, தண்ணி ஏறிடுச்சுடா."

"தெரியும்."

என் தம்பி அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தான். முழங்காலில் தேவாலயத்தில் பாடும் சங்கீதப் புத்தகம் மூடியபடி இருந்தது. மாடு கறக்கப் போனபோதே பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு வந்து பாலை வடிகட்டி மூடிவைத்து, கை கழுவி, அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் எழுந்து வருவதற்கு முன்பிருந்தே அந்த நாற்காலியில் அவன் இருந்தான் என்பது அடுப்புச் சாம்பலைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு முறைகூடக் கிளறப்படவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கீழே இருப்பதை ஏரி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். இந்தக் கரையில் நின்று கல்லெறிந்தால் நடுவைத் தாண்டி விழும். பால் விடாத தேயிலைத் தண்ணீரின் நிறம். சுற்றிலும் மரம் என்று ஒன்றும் கிடையாது. புதரும், பஞ்சுத்தலைப் புல்லும், வெயில் வந்தால் மட்டும் நீலமாகும் சதுப்புக் குழிகளும்தான். வடக்குக் கரையோரம் ஜூனில் மூன்றிலைச் செடி வெள்ளையாகப் பூக்கும். நீர்நாய் ஒன்று வாரத்துக்கொரு முறை கடலிலிருந்து ஓடை வழியாக ஏறிவந்து, தான் வந்ததைக் கல்லின் மேல் எச்சம் வைத்துச் சொல்லிவிட்டுப் போகும். நடுவில் ஒரு கட்டில் அளவுக்கு ஒரு திட்டு, அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வில்லோச் செடி. அந்தச் செடிக்கு அடியில்தான் மழைவாத்தின் கூடு.

அது வாத்து இல்லை. அது கத்திக்கொண்டு பறந்தால் மழை வருமென்று யாரோ வைத்த பெயர். சாம்பல் தலை, தொண்டையில் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை. கால்கள் உடம்பின் கடைசியில், வாலை ஒட்டி முளைத்திருக்கும். தண்ணீரில் அதற்கு நிகர் கிடையாது. தரையில் இரண்டடி நடக்க முடியாது. கூட்டுக்கு நெஞ்சால் தள்ளித்தான் ஏறும். அதனால் தண்ணீர் விளிம்பைத் தவிர வேறெங்கும் அதனால் கூடு வைக்க முடியாது. நான் கிளாஸ்கோவில் முப்பத்தோரு வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு இந்த வீட்டுக்குத் திரும்பி மூன்று கோடைகள் ஆகியிருந்தன. மூன்றிலும் இந்த ஜோடி குஞ்சு எடுக்கவில்லை. ஒரு வருடம் சாம்பல் காகம், ஒரு வருடம் நீர்நாய், ஒரு வருடம் என்னவென்றே தெரியவில்லை. இது நான்காவது.

இந்த முறை வெள்ளம் எங்கள் வீட்டிலிருந்து வந்தது. ஏரியிலிருந்து ஓடை இறங்கும் வாய் ஓர் ஆள் கால் விரித்து நிற்கும் அகலம்தான். ஓடை நாங்கள் அடுப்பெரிக்க எரிமண் வெட்டும் நிலத்தை உரசிக்கொண்டு போகிறது. மே மாதம் வெட்டிக் காயப்போட்டிருந்த கட்டிகளுக்கடியில் ஓடை நீர் ஊறிக்கொண்டே இருந்தது. ஒரு குளிர்காலத்து அடுப்பு மொத்தமும் அங்கே சேற்றில் கிடந்தது. வெள்ளிக்கிழமை ஃபின்லே ஓடைவாயின் ஓரத்திலேயே நாலு புல்கட்டிகளை வேரோடு வெட்டி வாயில் அடுக்கி அடைத்துவிட்டான். இரண்டு நாள் தண்ணீர் நின்றால் கட்டிகள் கொஞ்சம் காயும், திங்களன்று திறந்துவிடலாம். எல்லோரும் செய்வதுதான். வானொலி திங்கள்வரை மழை இல்லை என்றது.

சனிக்கிழமை சாயங்காலம், எந்த வேலையும் செய்யக்கூடாத ஞாயிறு ஓய்வுநாளுக்காக எங்கள் ஊர் முழுக்க நடக்கும் வேலைகள் எங்கள் வீட்டிலும் நடந்தன. கிணற்றிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் வந்தது. எரிமண் கூடை நிரம்பியது. நான் உருளைக்கிழங்கைத் தோலுரித்துத் தண்ணீரில் போட்டேன். ஃபின்லே இரண்டு பேருடைய காலணிக்கும் மை போட்டு, கடைசியாக முகம் மழித்தான். மழித்துக்கொண்டிருக்கும்போது முதல் தூறல் கூரைத் தகரத்தில் விழுந்தது. பாதி முகம் நுரையோடு திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தான். இரவு மணி பதினொன்றரை. ஓடைவாய்க்குப் போகக் கால்மணி நேரம், கட்டிகளைப் பெயர்க்க இன்னும் கொஞ்சம். பன்னிரண்டு அடித்துவிடும். அவன் மறுபடி கண்ணாடியைப் பார்த்து மீதிக் கன்னத்தை மழித்தான்.  மழை நின்றுவிடும் என்று இருவருமே நினைத்தோம்.

"நான் போய் அந்தப் புல்கட்டிய எடுத்துவிட்டுட்டு வரேன்" என்றேன்.

"வேண்டாம்."

"நான் பண்ணினா உனக்கென்ன? கிளாஸ்கோல சேத்த பாவம் ஏற்கனவே ஒரு மூட்டை இருக்கு. இதையும் மேல வச்சுக் கட்டிடறேன்."

"நீ போனா நான் அனுப்பின மாதிரி. அது ரெண்டு பாவம்."

"காலைல மாடு கறந்தியே."

"மாடு நம்ம மாடு."

"அந்தப் பறவை யாரோடது?"

அவன் புத்தகத்தின் அட்டையை விரலால் தடவினான். எங்கள் வீட்டில் மௌனத்துக்கு எப்போதும் ஒரு நாற்காலி உண்டு; வந்தால் சீக்கிரம் எழுந்து போகாது. ஓட்ஸ் கஞ்சி ஆறி மேலே ஏடு படிந்தது. ஜன்னலில் மழை ஒரே சீராகப் பெய்தது.

அவன் எதை யோசிக்கிறான் என்று எனக்குத் தெரியும். எங்கள் தேவாலயச் சபையில் வாத்தியம் கிடையாது. சங்கீதத்தின் ஒவ்வோர் அடியையும் ஒருவர் எழுந்து நின்று தனிக்குரலில் எடுத்துக்கொடுப்பார். பிறகு சபை முழுவதும் அந்த அடியை அலை மாதிரி எடுத்துக்கொள்ளும். இருபத்திரண்டு வருடமாக அந்தத் தனிக்குரல் ஃபின்லேயுடையது. வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட வாய் திறக்காமல் கையை நீட்டுகிறவன் அவன். வாரத்தில் ஒரு நாள், பிரசங்க மேடைக்குக் கீழே எழுந்து நிற்கும்போது மட்டும், உள்ளே இருந்தது எல்லாம் வெளியே வரும். கல்யாணம் வேண்டாமென்று சொன்னவன், எங்கள் தீவின் நகரமான ஸ்டோர்னோவேயைத் தாண்டி எங்கும் போகாதவன். எல்லாமே அந்தக் குரலுக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றும். அடுத்த ஊரில் இதே வேலையைச் செய்த டோமினல் ஓய்வுநாளில் கயிறறுத்துக்கொண்ட படகைக் கரைக்கு இழுத்தார். அவரை யாரும் திட்டவில்லை. அடுத்த வாரம் வேறொருவரை எழுந்திருக்கச் சொன்னார்கள். ஐந்து வருடம் கழித்துச் சாகும்வரை அவர் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்துகூடப் பாடவில்லை.

"குழியில ஆடு விழுந்தா ஓய்வுநாள்ல தூக்கலாம்னு வேதத்துல இருக்கு" என்றான் ஃபின்லே. "குழிய வெட்டினதே நானா இருந்தா?"

"அப்ப மத்தவங்களவிட நீ சீக்கிரம் போகணும்."

அவன் என்னைப் பார்த்தான். புத்தகத்தை அலமாரியில் வைத்தான். தொப்பியையும் கறுப்புக் கோட்டையும் போட்டுக்கொண்டான். கதவருகே சாய்த்திருந்த மண்வெட்டியில் என் கை பட்டது.

"வேண்டாம். கை போதும்" என்றான்.

கையால் எடுத்தால் இரக்கம், மண்வெட்டியால் எடுத்தால் வேலை. அப்படி ஒரு கணக்கை அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து போட்டு முடித்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது.

தொலைநோக்கியில் அவன் சின்னதாக, கறுப்பாக, ஓடைவாயில் மண்டியிடுவது தெரிந்தது. முதல் கட்டி வந்தது. இரண்டாவது. அவன் குனிந்த உடனே பறவை கூட்டிலிருந்து சத்தமில்லாமல் வழுக்கித் தண்ணீருக்குள் போய், ஏரியின் தூரத்து மூலையில் தலையை மட்டும் உயர்த்தியது. நாலாவது கட்டி வந்ததும் தண்ணீர் ஓடைக்குள் பாய்ந்தது. இங்கிருந்தே அதன் வெள்ளை தெரிந்தது. ஃபின்லே எழுந்து நின்று கோட்டில் கையைத் துடைத்தான். மணி பத்தேகால். பன்னிரண்டு மணி ஆராதனைக்கு முன் வீட்டுக்கு வந்து கால்சட்டை மாற்றிக்கொண்டு போக நிறைய நேரம் இருந்தது. அவனுக்குச் சூடாக இருக்கட்டுமென்று கஞ்சியை மறுபடி அடுப்பில் வைத்தேன்.

அரைமணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் அவன் அங்கேயே நின்றிருந்தான்.

திட்டைச் சுற்றிப் பாசிக்கரை திரும்ப வந்திருந்தது. ஒரு சாண். பிறகு ஒன்றரை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாசிக்குக் கீழே கறுப்பாகச் சேறு தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் புரிந்தது. வெள்ளிக்கிழமை சோம்பலில் அவன் புல்கட்டிகளை ஓடைவாயின் விளிம்பிலிருந்தே வெட்டியிருக்கிறான். வேர் பிடித்திருந்த தோல் அங்கே உரிந்துபோயிருந்தது. தண்ணீர் இப்போது வெறும் எரிமண்ணில் பாய்ந்து, வாயைக் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு போனது. அடைத்ததற்கு முன்பிருந்த மட்டத்தில் அது நிற்காது. ஏரி வடிந்துகொண்டே போகும். கூடு உயரத்தில் தனியாகக் கிடக்கும்; பறவையால் அந்தச் சேற்றுச் சரிவில் ஏற முடியாது.

அது திட்டுக்கு வந்தது. நெஞ்சைச் சேற்றில் வைத்துத் தள்ளியது. வழுக்கித் தண்ணீருக்கே திரும்பியது. மறுபடி தள்ளியது. பிறகு விலகிப் போய், எங்கோ வேறெதையோ பார்ப்பதுபோல் மிதந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் சொந்தக்காரர்கள் வராந்தாவில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதே மாதிரி.

ஃபின்லே எடுத்துப்போட்ட கட்டிகளையே திரும்ப வாயில் திணித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஒவ்வொன்றாக வாங்கி உருட்டிக்கொண்டு போனது. தொடைவரை இறங்கிவிட்டான். ஒரு தடவை நிமிர்ந்து வீட்டைப் பார்த்தான். நான் ஜன்னலில் இருப்பது அவனுக்குத் தெரியும். கையசைக்கவில்லை, கூப்பிடவில்லை. முகத்தை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு மழையில் நின்றான். அவ்வளவுதான்.

மண்வெட்டியை எடுத்தேன். கோழிக்கூட்டுக் கதவைக் கழற்றினேன். அது ஒற்றைப் பலகைதான். மண்வெட்டியைச் சாக்கில் சுற்றலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கோழிகள் வெளியே வந்து மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போயின. சாக்கைத் தேடவில்லை.

ஏரிக்கு இறங்கும் பாதை ஊர்ச்சாலையில் நூறு கெஜம் போய்த்தான் பிரியும். பதினொன்றரை மணிக்கு அந்தச் சாலையில் ஒரே திசையில்தான் மனிதர்கள் போவார்கள். நான் எதிர்த் திசையில், தோளில் மண்வெட்டியும் கக்கத்தில் கதவுமாக. மர்டோவின் கார் என் பக்கத்தில் வந்து நின்றது. சபையின் மூப்பர்களில் அவர்தான் பெரியவர், முன்பு தபால்காரர். பின்சீட்டில் அவர் மனைவி பெக்கியும், இறுக்கி உட்கார்ந்த வேறு மூன்று தொப்பிகளும். ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

"எஃபி" என்றார் மர்டோ.

"மர்டோ."

"என்ன இது?"

"கோழிக்கூட்டுக் கதவு."

"இன்னொண்ணு?"

"அது மண்வெட்டி. தபால் கொடுத்தவருக்கு மண்வெட்டி தெரியாதா?"

பின்னாலிருந்து பெக்கி எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, தலைக்கு ஒண்ணும் போடாம இந்த மழைல? உனக்குச் சளி பிடிச்சா யாருடி பாக்கிறது, நீயே நர்ஸு."

மர்டோ அவளைப் பொருட்படுத்தவில்லை. அவர் பார்வை என்னைத் தாண்டி, கீழே ஓடைவாயில் நின்றிருந்த கறுப்பு உருவத்துக்குப் போயிருந்தது. வைப்பர் நாலைந்து முறை போய் வந்தது.

"பறவைக்கா?"

"பறவைக்குத்தான்."

"மாடுன்னா ஒண்ணுமில்ல. ஆடுன்னாகூட ஒண்ணுமில்ல."

"அதுகிட்ட சொல்றேன்."

அவர் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "பாத்தத பாக்கலைன்னு என்னால சொல்ல முடியாது, எஃபி. சொன்னா அவனுக்கே பிடிக்காது. அவன இப்பவே அனுப்பு. பன்னெண்டுக்கு அவன் இடத்துல அவன் நின்னா, தண்ணில நின்னவன் யாருன்னு நானும் ரொம்ப யோசிக்க மாட்டேன். நீ என்ன பண்றேங்கறது வேற விஷயம்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. மர்டோவால் அதற்குமேல் கொடுக்க முடியாது. பின்சீட்டில் அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதைக் கொடுத்திருக்கிறார். கார் போனது.

ஃபின்லேயின் தொப்பி எங்கேயோ போயிருந்தது. முகமெல்லாம் கறுப்பு. நான் மர்டோ சொன்னதை அப்படியே சொன்னேன். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. ஓடினா போயிடலாம். ஈரமா போனா என்ன, மழைல எல்லாரும் ஈரம்தான். நான் அடைச்சுடறேன்."

"உனக்கு மட்டம் தெரியாது."

"ஒரு சாண். தெரியும்."

அவன் தண்ணீரோரத்தில் இருந்த ஒரு பாறையின் விளிம்பைத் தடவினான். அதில் உளியால் கொத்திய மாதிரி ஒரு கோடு, இப்போது தண்ணீருக்கு மேலே இருந்தது. "இந்தக் கோடு வரைக்கும். ஒரு விரக்கடை கூடினாலும் முட்டை நனையும். குறைஞ்சா ஏறாது." பிறகு, தயங்கி, "முட்டை வச்சு இன்னிக்கு இருபத்துரெண்டு நாள்."

அந்தப் பறவையை நான்தான் பார்க்கிறேன் என்று மூன்று கோடைகளாக நினைத்திருந்தேன். தொலைநோக்கி என்னுடையது. அவன் ஜன்னல் பக்கமே வரமாட்டான். கோடு எப்போது கொத்தியது என்று கேட்கத் தோன்றியது. பாசி படிந்து பழசாகியிருந்தது. கேட்கவில்லை.

"போடா ஃபின்லே" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது. "அந்தப் பாட்டு இல்லாம நீ என்ன பண்ணுவே?"

அவன் சாலையைப் பார்த்தான். கடைசி ஆட்கள், குடைகள், மேட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் பார்த்த நேரம் எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் அதற்குள் இன்னும் ஒரு விரல் இறங்கியது. அவன் கையை நீட்டி என்னிடமிருந்து மண்வெட்டியை வாங்கினான்.

"கதவ குறுக்கால வை. முழங்காலால அழுத்து. நான் சொல்ற வரைக்கும் விடாத."

அதன்பிறகு அது வேலைதான். வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது. அவன் மேட்டில் தள்ளிப்போய் நல்ல வேருள்ள புல்கட்டிகளாகப் பார்த்து வெட்டினான். மண்வெட்டியின் விளிம்பைக் காலணியால் அழுத்தும் சத்தம், வேர் அறும் சத்தம், இரண்டும் அந்த மௌனமான காலையில் ஊருக்கே கேட்டிருக்கும். ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து கதவின் முன்னால் அடுக்கி, காலால் மிதித்து, இடுக்கில் பாசி திணித்தான். தண்ணீர் என் முழங்காலைப் பனிக்கட்டிபோல் பிடித்திருந்தது. நாங்கள் பேசவில்லை. சின்ன வயதில் அப்பாவோடு இதே இடத்தில் எரிமண் வெட்டியபோதும் பேசியதில்லை. கடைசியில் அவன் பாறையில் இருந்த கோட்டின் அளவுக்கு ஒரு கைப்பிடி அகலத்தில் வழிவிட்டு, அதன் அடியில் தட்டைக் கல் ஒன்றைப் பதித்தான். இனி அதற்கு மேல் வந்ததுதான் போகும்.

"வா" என்றான். "நாம நின்னா அது வராது."

புதர் மேட்டுக்குப் பின்னால் வயிற்றில் படுத்தோம், ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு. என் பற்கள் அடித்துக்கொண்டன. அவன் தன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டான். அதுவும் நனைந்துதான் இருந்தது. ஏரி மெல்ல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், மழையை வாங்கி ஏற ஆரம்பித்தது. சாம்பல் காகம் ஒன்று வேலிக்கம்பத்தில் வந்து உட்கார்ந்தது. ஃபின்லே அதன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அவன் கைக்குள் ஒரு கல் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

காற்று மேற்கிலிருந்து அடித்தால் சபையின் பாட்டு எங்கள் மேடுவரை வரும். முதலில் ஒரு தனிக்குரல் வந்தது. மர்டோவின் குரல். தபால்காரரின் குரல், பெயர் கூப்பிடும் குரல். முதல் அடியை எடுத்துக்கொடுத்தது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு சபை கனமாக, தடுமாறி, அதை எடுத்துக்கொண்டது.

ஃபின்லே கண்ணை மூடினான்.

"உச்சத்துல எடுத்துட்டாரு" என்றான். வலிக்கிற பல்லை நாக்கால் தொடுகிறவன்போல் இருந்தது அவன் முகம். "மூணாவது அடில ஏற முடியாது அவரால."

மூன்றாவது அடியில் மர்டோவின் குரல் உடைந்தது. நடுவில் ஓர் ஓட்டை விழுந்தது. சபை அதை நிரப்பப் பார்த்தது. ஃபின்லேயின் தொண்டை அசைந்தது. உதடு அசையவில்லை. நான் அவனைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தேன். பார்த்திருந்தால் அவன் எழுந்து போயிருப்பான் என்று இன்றும் நினைக்கிறேன். எங்கே என்று தெரியாது.

திட்டைச் சுற்றியிருந்த சேறு மூடிக்கொண்டிருந்தது. கூடு குளிரில் கிடந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருக்கும். இருபத்திரண்டு நாள் முட்டை எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாது. மனிதர்களைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். பறவை ஏரியின் மூலையிலிருந்து புறப்பட்டது. நேராக வரவில்லை. வளைந்து, நின்று, தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்து, மறுபடி வளைந்து வந்தது. காகம் கம்பத்தில் ஒரு கால் மாற்றியது. பாட்டு காற்றில் அறுந்து, திரும்ப வந்து, அறுந்தது.

வில்லோச் செடிக்கு நேராக வந்ததும் அது நின்றது. தண்ணீர் பாசியைத் தொட இன்னும் இரண்டு விரல் இருந்தது. சிவந்த தொண்டையை நீட்டி, நெஞ்சைப் பாசியின் மேல் வைத்தது. பின்னாலிருந்து கால்கள் தண்ணீரை உதைத்தன. பாதி உடம்பு மேலே, பாதி உடம்பு ஏரியில். அந்த உதைப்பில் எழுந்த வளையம் விரிந்து விரிந்து, நாங்கள் படுத்திருந்த கரைவரை வந்துகொண்டிருந்தது.